சங்கு ஊதினால் மேட்டுக்கு ஏறு

கொழும்பில் கொத்மலை என்று சொன்னால் பாலும் தயிரும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயர் ஒட்டிய பெட்டி இல்லாத கடை குறைவு. மகாவம்சம் படித்தவர்களுக்கு அது தகப்பனோடு கோபித்துக்கொண்ட துட்டகைமுனு ஒளிந்திருந்த மலைநாடு. பின்னாளில் எல்லாளனோடு மோதிய அதே ஆள்தான். புசல்லாவை, இறம்பொடை, பூண்டுலோயா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கேட்டால் கொத்மலை என்பது டேம். அதிலும் ஒன்றல்ல, இரண்டு: 1985இல் முடிந்த பெரியது, 2012இல் தலவாக்கலையில் திறந்த சின்னது. பெரியது வந்தபோது எங்கள் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னது வந்தபோது, கேட்கும்வரை விடவில்லை.

பெரிய டேமுக்கு முந்திய பள்ளத்தாக்கை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தான் இன்று கண்ணால் கண்டதாகச் சொல்ல முடியும். அடியில் கொத்மலை ஓயா ஓடும். இரு கரையிலும் படிக்கட்டு வயல், கித்துள், பலா, விகாரைகள், கண்டிச் சிங்களக் கிராமங்கள். மேலே ஏற ஏறத் தேயிலை, தேயிலைக்கு நடுவே தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். கீழே இருக்கும் அந்தக் கிராமங்களைத் தோட்டத்தில் 'நாடு' என்பார்கள். கித்துள் கருப்பட்டியும் பலாக்காயும் வாங்க நாட்டுக்கு இறங்குவார்கள். சம்பள நாளில் நாட்டு ஆட்கள் சாமான் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறி வருவார்கள். ஆறு நாட்டு ஆட்களுடையது. தோட்டத்துக்குத் தண்ணீர் மலையிலிருந்து வந்தது. ஊற்றைப் பிடித்துக் குழாய் போட்டு, லயத்துக்குப் பக்கத்தில் பீலியாக விழ வைத்திருப்பார்கள். குளிப்பு, துணி துவைப்பு, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் பீலிக்கரையில்தான்.

டேம் என்ற சாமானும் தோட்டத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே பல தொழிற்சாலைகளில் சக்கரம் சுற்றுவதற்கு ஓடையை மறித்துக் குட்டி அணை கட்டியிருந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து பெரியவர்கள் மலைக்குப் போனபின் பள்ளிக்கூடம் போகாத பையன்கள் அதில்தான் கிடப்பார்கள். கணக்கப்பிள்ளை கண்டால் கல்லால் எறிந்து விரட்டுவார், அவ்வளவுதான். ஆழம் இடுப்பளவு, மிஞ்சினால் கழுத்தளவு. நீந்தத் தெரியாமலே ஒரு பையன் வளர்ந்து ஆளாகலாம். பீலியில் குளித்தவனுக்கும் குட்டி அணையில் குதித்தவனுக்கும் நீச்சல் என்று ஒரு கலை தேவைப்படவே இல்லை. பிறகு வந்த பெரிய தண்ணீரின் ஓரத்தில் நடந்த பல சாவுகளுக்கு வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசு, முப்பது வருடத்துக்குப் போட்டிருந்த மகாவலி ஆற்றுத் திட்டத்தை ஆறு வருடத்துக்குள் சுருக்கியது. துரித மகாவலி என்று பெயர். விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா, கொத்மலைக்கு சுவீடன் என்று ஒவ்வோர் அணைக்கும் ஒரு நாடு பணம் தந்தது. கொத்மலை வேலை 1979இல் தொடங்கியது. கட்டியது சுவீடனின் ஸ்கான்ஸ்கா நிறுவனம். மகாவலி அமைச்சராக இருந்தவர் காமினி திசாநாயக்க; இன்று நீர்த்தேக்கத்தின் அரசாங்கப் பெயரும் அவருடையதுதான். ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

87 மீற்றர் உயரம், 600 மீற்றர் நீளம், 174 மில்லியன் கன மீற்றர் தண்ணீர், நிலத்துக்கு அடியில் 201 மெகாவொற் மின்நிலையம். எண்களைவிட அணையின் உடம்பு சுவாரசியமானது. பார்க்கிறவர்கள் அது முழுக்க கொங்கிரீட் என்று நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே இருப்பது உடைத்து அடுக்கி அழுத்திய பாறை. தண்ணீரைப் பார்த்த பக்கத்தில் மட்டும் கொங்கிரீட் முகம். பாரத்தைச் சுமப்பது பாறை, கசியாமல் தடுப்பது முகம். இப்படியான அணை சற்று அமுங்கும், சற்றுக் கசியும், அது நோயல்ல. எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு கசிகிறது என்று விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும், அளவு திடீரென்று மாறினால் யாராவது பதற வேண்டும். கட்டி முடித்த பிறகு அணையின் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்த அலுப்பூட்டும் அளவெடுப்புத்தான். அதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது.

1984 கடைசியில் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் எழுந்து போயின. ஐம்பதுக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் மூழ்கின. போன கிராமத்தவர்களில் ஒரு பகுதியினர் வரண்ட வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கு வயல் காணி பெற்றுப் போனார்கள். மலையை விட்டுப் போக மனமில்லாதவர்களுக்குப் பக்கத்துத் தேயிலைக் காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்கள்தான் அவை. நாட்டு ஆட்கள் கண்ணீரோடுதான் மேலே வந்தார்கள்; அவர்கள் இழந்தது சின்ன இழப்பல்ல, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த காணியில் ஏற்கெனவே லயம் இருந்தது, லயத்தில் ஆட்கள் இருந்தார்கள், அந்தக் கொழுந்தை எடுத்த கைகள் இருந்தன. காணி துண்டானபோது அந்தக் கைகளுக்கு வேலை போனது, அடுத்து குடியிருந்த லயத்து அறையான காம்பராவும் போனது. வயலுக்கு உறுதி இருந்தது, நட்டஈடு கிடைத்தது. லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது?

கொஞ்சம் பேர் வேறு தோட்டம் தேடிப் போனார்கள். இந்தியாவுக்குப் போகச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி கடவுச்சீட்டு கையில் வைத்திருந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். யுத்தத்தால் அந்தக் கப்பல் நின்றது 1984இல், அதாவது பள்ளத்தாக்கு நிரம்பத் தொடங்கிய அதே வருடத்தில். கொத்மலைக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூழ்கிய விகாரைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விகாரைகளுக்கு நினைவுச் சின்னம் உண்டு: 1983இல் தொடங்கி 2016இல் திறந்த மகாவலி மகா சேய, வெள்ளைவெளேரென்று நீர்த்தேக்கத்துக்கு மேலே நிற்கிறது. கலைந்துபோன லயங்களுக்கு அப்படி ஒரு கல்கூட கிடையாது.

அதற்குப் பிறகு வந்த கால் நூற்றாண்டு, தண்ணீர் காவலில் இருந்த காலம். யுத்தம் நடந்தது. அணையும் மின்நிலையமும் நாட்டின் உயிர்நாடி என்பதால் சுற்றிக் காவலரண்கள். படம் பிடிக்கக்கூடாது, நின்று பார்க்கக்கூடாது. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு அணைப் பக்கம் போனால் பதில் சொல்லி மாளாது. பூண்டுலோயாப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலர் அந்த நீர்த்தேக்கத்தைப் பஸ் யன்னல் வழியாக மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள். வளைவில் பஸ் திரும்பும்போது கீழே பச்சையும் நீலமுமாக ஒரு கணம் தெரியும், மறையும். 'அணையின் பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு அன்று ஒரே பொருள்தான்: ஆட்களிடமிருந்து அணையைக் காப்பது. அணையிடமிருந்து ஆட்களைக் காப்பதும் அதில் சேரும் என்று பேசிய ஒருவரையும் நான் கேட்டதில்லை.

இப்போது அதே வளைவுகளில் வாகனம் நிறுத்த இடம் இல்லை. கண்டி - நுவரெலியா வீதியில் புசல்லாவை தாண்டி இறம்பொடை வரும்வரை வலது கைப் பக்கம் முழுக்க நீர்த்தேக்கக் காட்சியை விற்கும் தேநீர்க் கடைகளும் விடுதிகளும். சின்மயா மிஷன் 1999இல் கட்டிய பக்த அனுமான் கோவில் அங்கேதான். இராமாயணச் சுற்றுலா என்று இந்தியாவிலிருந்து வருகிறவர்களை அழைத்துவந்து இறக்கும் இடம். கோவில் முற்றத்திலிருந்து பார்த்தால் தண்ணீரும் மலையும் சேர்ந்து தெரியும். அனுமாரைக் கும்பிட எடுக்கும் நேரத்தைவிடப் படம் எடுக்கும் நேரம் அதிகம். அணைக்கட்டுப் பக்கமும் ஞாயிற்றுக்கிழமைகளில் வான்கள் வரிசையாக நிற்கும். வடை, அவித்த சோளம், மாங்காய் அச்சாறு. முன்பு துவக்கோடு ஆள் நின்ற பக்கங்களில் இன்று கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு குடும்பம் நிற்கிறது. நல்ல மாற்றம்தான். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வரட்சி ஆண்டுகளில் கூட்டம் இன்னும் கூடும். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் மூழ்கிய கடதொர விகாரை வெளியே வரும். சுவரும் கூரையும் போய், சிதைந்த புத்தர் சிலை சேற்றுக்கு நடுவே வெட்டவெளியில் இருக்கும். மஸ்கெலியாவிலும் இப்படித்தான். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய நகரம் எழும்பும், சண்முகநாதர் கோவில் தலைகாட்டும், பழைய ஆட்கள் கற்பூரம் கொளுத்தப் போவார்கள். கடதொரவுக்குப் பூத்தட்டோடு போகிறவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் உண்டு. இருவரும் நடப்பது ஒரே சேற்றில். மேலே காய்ந்து வெடித்து உறுதியாகத் தெரியும் வண்டல், உள்ளே களியாக இருக்கும். நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வந்து படிந்த மண் அது. முழங்கால்வரை புதைந்தவன் தானாக ஏறி வருவது கஷ்டம்.

தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஆபத்து வேறு வகை. கடற்கரை மாதிரி மெதுவாக ஆழமாகும் கரை இங்கே கிடையாது. இது மூழ்கடிக்கப்பட்ட மலைச்சரிவு. வரட்சியில் கரையோரம் நின்று பார்த்தால் காரணம் கண்ணுக்கு நேரே தெரியும். பழைய வயல்களின் வரம்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவன் ஒரு வயலில் நிற்கிறான். இன்னோர் அடி வைத்தால் அடுத்த வயலுக்கு விழுகிறான். இடையில் வெட்டாமல் விட்ட மரக்கட்டைகள் வேறு. தண்ணீர் குளிர்ச்சி, தசை பிடித்தால் கை ஓடாது. தீபாவளிக்கும் சித்திரைக்கும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் ஊருக்கு வருகிறார்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து குளிக்க இறங்குகிறார்கள். ஒருவன் வழுக்குகிறான், பிடிக்கப் போன மற்றவனும் போகிறான். கொத்மலை, காசல்றி, மவுசாகலை, தலவாக்கலை என்று இடப்பெயர் மாறி மாறி இந்தச் செய்தி வருடம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. 'நீராடுவது தடை' என்ற பலகை சில இடங்களில் உண்டு. நான் பார்த்த ஒன்றில் தமிழ் எழுத்து அழிந்து 'நீராடுவது' மட்டும் மிஞ்சியிருந்தது.

மேல் கொத்மலை என்ற சின்ன டேமுக்கு வருவோம். தலவாக்கலையில் ஆக்ர ஓயா, நானு ஓயாத் தண்ணீரெல்லாம் சேர்ந்து இறங்கும் இடத்தில், சென் கிளயர் அருவிக்குக் கொஞ்சம் மேலே, ஜப்பான் கடனில் கட்டியது. 35.5 மீற்றர் உயரம், 180 மீற்றர் நீளம். அங்கே மறிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாகப் போய் நியங்கந்தொரவில் 150 மெகாவொற் மின்சாரம் தருகிறது. ஆனால் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு வெறும் 0.8 மில்லியன் கன மீற்றர். கீழே உள்ள பெரியது பிடிப்பதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த அணையைத் தலவாக்கலை வரவேற்கவில்லை. மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் எதிர்த்தார்கள், சூழலியலாளர்கள் நீதிமன்றம்வரை போனார்கள், வீதியில் ஆர்ப்பாட்டம் நடந்தது. வீடு போகும், அருவி வற்றும், சுரங்கம் குடைந்தால் மலை தாழும் என்பவை அன்றைய பயங்கள். அபிவிருத்திக்கு எதிரிகள் என்று கொழும்பில் சிலர் முகம் சுளித்தார்கள். பின்னர் 2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தபோது, தலவாக்கலைக்காரர்கள் வெறும் கற்பனையில் பயப்படவில்லை என்பது தெரிந்தது. எதிர்ப்பால் வேலை நிற்கவில்லை. ஆனால் திட்டம் சுருங்கியது, பல அருவிகள் தப்பின, எழுந்துபோக வேண்டிய ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. 1984இல் கணக்கிலேயே வராத லயத்து ஆட்கள் இந்தத் தடவை கணக்கில் வந்தார்கள். அது அதிகாரிகளின் மனமாற்றத்தால் வந்ததென்று நான் நம்பவில்லை. இடையில், நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, கையில் வாக்கு இருந்தது, வீதியில் இறங்கக் கால் இருந்தது.

சென் கிளயர் அருவியை இலங்கையின் குட்டி நயாகரா என்பார்கள். 80 மீற்றர் உயரம், அதைவிட அகலத்துக்குத்தான் பேர்போனது. இப்போது அதற்கு வேலை நேரம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் பகல் பொழுதில் கொஞ்சம் தண்ணீர் விடுவது என்ற ஏற்பாட்டோடுதான் அணைக்கு அனுமதி கிடைத்தது. காலையில் அருவி பெரட்டுக்கு வருகிறது, அந்தியில் வீட்டுக்குப் போகிறது. தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதானே. ஹட்டன் - நுவரெலியா வீதியில் நின்று பார்த்தால் பாறையில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். பழைய அருவியைப் பார்த்தவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

மழை பிடித்தால் கதை தலைகீழ். கொள்ளளவு அவ்வளவு சின்னது என்பதால் ஒரு இரவு மழையே போதும், அணை நிரம்பிவிடும். வான்கதவு திறந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் 'மேல் கொத்மலை வான்கதவு திறப்பு' என்பது வானொலிச் செய்தியில் காலைநேர வாடிக்கை. திறப்பதற்கு முன் ஆற்றோரத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைச் சங்கு ஊதும். சங்கு என்பது தோட்டத்துக்குப் பழகிய ஓசைதான். தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்கு வீடு திரும்பிய பரம்பரை. அன்றைய சங்கு வேலைக்குக் கூப்பிட்டது. இன்றைய சங்கு ஆற்றைவிட்டு ஓடச் சொல்கிறது. "சங்கு ஊதினால் மேட்டுக்கு ஏறு" என்று ஆற்றோர வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். துவைக்கப் போட்ட துணியை விட்டுவிட்டு ஏற வேண்டும், ஆட்டை அவிழ்க்க நிற்கக்கூடாது. ஊர்க்காரருக்கு இது தெரியும். அருவிக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வானம் தெளிந்திருக்கும், ஆறு கணுக்காலளவு ஓடும், மழை பெய்தது மேலே அக்கரப்பத்தனையில். அவர்களுக்கு அந்தச் சங்கு ஏதோ தொழிற்சாலைச் சத்தம்.

இலங்கையில் அணை உடைந்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் புதிதல்ல. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, தூக்கத்திலிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது கொத்மலை அணைக்கு வயது ஒன்று. அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 2008இல்தான் உலக வங்கிக் கடனில் அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று ஒழுங்காகத் தொடங்கியது. முதற்கட்டமாக 32 பெரிய அணைகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்தினார்கள், அளவுக் கருவிகள் பொருத்தினார்கள். அணையைப் பொறுத்தவரை அன்றைக்கு இன்று நல்ல நிலைமை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கொத்மலையில் நான் முதலில் பார்ப்பது அணையை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் மலையை. இந்தச் சரிவுகளில் பழைய மண்சரிவுத் தடங்கள் உண்டு என்பது அணை கட்டிய காலத்திலேயே பொறியியலாளர்களுக்குத் தெரியும். நீர்மட்டம் ஏறும்போது சரிவின் அடிமண் ஊறும். சடுதியாக இறங்கும்போது ஊறிய மண்ணுக்கு முட்டுக்கொடுத்திருந்த தண்ணீர் இல்லாமல் போகும். அப்படி ஏறி இறங்கும் தண்ணீர் ஒரு மலையை என்ன செய்யும் என்பதற்கு இத்தாலியின் வயோன்ற் அணை உதாரணம். 1963 அக்டோபர் 9 இரவு மலைச்சரிவு ஒன்று அப்படியே நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. எழும்பிய அலை அணையைத் தாண்டிக் குதித்து, கீழிருந்த ஊர்களில் ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்றது. அணை உடையவே இல்லை. இன்றும் நிற்கிறது. கொத்மலையில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்துவது என் வேலையல்ல. இரண்டும் வேறு பாறை, வேறு சரிவு. ஆனால் அணை திடமாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி சொன்னால், ஐயா, மலை எப்படி இருக்கிறது என்று கேட்கிற உரிமை கரையில் இருப்பவனுக்கு உண்டு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைதான் பதில் சொன்னது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் சரிவுக்கு மேல் சரிவு. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி - நுவரெலியா வீதி துண்டு துண்டானது. கீழே மகாவலி கரை புரண்டு கம்பளைக்குள் புகுந்தது. கம்பளைக்கு வெள்ளம் புதிதல்ல. அணையே இல்லாத 1947 ஆகஸ்டிலும் பெருவெள்ளம் பார்த்த ஊர். அணை வந்தபின் ஒரு கேள்வி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்: எப்போது திறந்தீர்கள், எவ்வளவு திறந்தீர்கள், எங்களுக்கு எப்போது சொன்னீர்கள்? மின்சாரத்துக்கு நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அது தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முடிவெடுப்பவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதைவிட, எடுத்த முடிவு கீழே இருப்பவனுக்கு அவனுடைய மொழியில், ஓடுவதற்கு நேரம் வைத்துப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் விஷயம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் பலருக்கு மனப்பாடம். அந்த நாட்களில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் போனபோது மனப்பாடத்தால் பயன் இல்லை.

இவ்வளவு ஆபத்தென்றால் வேலி போட்டு மூடிவிடலாமே என்பார்கள். அப்படிச் செய்துதான் கால் நூற்றாண்டு ஓட்டினோம். மூடாமலும் நடத்தலாம்: நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் மறித்த வாவியில் படகு ஓடுகிறது, குதிரை ஓடுகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். அங்கிருந்து வழியும் தண்ணீர்தான் நானு ஓயா வழியாக தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் வருகிறது. காசல்றியில் பழைய துரைமார் பங்களாக்களில் தங்கும் வெளிநாட்டவருக்குப் படகுச் சவாரி உண்டு; தண்ணீரில் இறங்கும் விமானம்கூட வந்திருக்கிறது. பங்களாவுக்கு மேலே லயத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதே தண்ணீர் எட்ட நின்று பார்க்க மட்டும். காசு கட்டி வருகிறவனுக்கு உயிர்காப்பு அங்கி, உள்ளூர்க்காரனுக்குத் தடைப் பலகை. இந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துகிறது.

கொத்மலைக் கரையில் ஆழம் அளந்து, கயிறு கட்டி, ஆள் வைத்துக் குளிக்க ஓர் இடம் ஒதுக்குவது பெரிய பொறியியல் அல்ல. ஆனால் யாரிடம் கேட்பது? அணையும் நீரும் மகாவலி அதிகார சபைக்கு, மின்நிலையம் மின்சாரத் துறைக்கு, சரிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கு, வீதியோரக் கடை பிரதேச சபைக்கு, தேயிலை கம்பெனிக்கு. ஒரு படகுத்துறை கேட்டுக் கடிதம் எழுதும் இளைஞர் கழகம் ஐந்து பிரதி எடுக்க வேண்டும். மீன் பிடிக்கிறவர்கள் கடிதம் எழுதுவதில்லை. லொறி ரியூப்பில் பலகை கட்டித் திலாப்பியா பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் அங்கி இல்லை, ஆனால் எந்த வரம்பு எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். யாராவது மூழ்கினால் முதலில் கூப்பிடுவதும் அவர்களைத்தான்.

தோட்டப் பாடசாலைகளில் கபடியும் கிரிக்கெட்டும் இருக்கிறது, நீச்சல் இல்லை. குளம் கட்டப் பணம் இல்லை என்பது பதில். அதிபர்மார் மனம் வைத்தால் அதற்கும் வழி உண்டு: பழைய தொழிற்சாலைக் குட்டி அணைகள் சில தோட்டங்களில் தூர்ந்து கிடக்கின்றன. கழுத்தளவு தண்ணீர், ஓடை நீர் மாறிக்கொண்டே இருக்கும். தூர் வாரி, வழுக்குப் பாசியைச் சுரண்டி, ஒரு பக்கம் படி வைத்தால் போதும். ஒரு தோட்டத்தில் பெற்றோர்கள் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யார் என்று திருப்பிக் கேட்டிருக்கிறது நிர்வாகம். பேச்சு அந்த இடத்தில்தான் நிற்கிறது.